சிறு வயது முதலே

ஜூன் 3, திங்கள்
காலையிலேயே புழுக்கம். எண்ணூர் ஹைவேயில் டிரெய்லர் வரிசை, நகரவே இல்லை. கம்பெனி ஸ்டோருக்கு இருபது நிமிடம் லேட். கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து உள்ளே விட்டான். இந்த இரும்பு வார்க்கும் கம்பெனியில் லேட்டாக வந்து சல்யூட் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.

வாங்க: கோமளாவுக்கு பி.பி. மாத்திரை. பேனா ரீஃபில் 2. வஞ்சிரம் விலை கேட்க (கேட்க மட்டும்).

அக்கா கோமளாவின் மகன் தேவா இன்றும் கிரேனில் ஏறவில்லை. ஏணியில் பதினாலு படி போனான். இறங்கி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன மாதம் சங்கிலி அறுந்து கீழே நின்ற முனுசாமி மேல் இரும்பு விழுந்து அவன் செத்தானே, அப்போது மேலே கேபினில் இருந்தவன் இவன்தான். சங்கிலி தேய்ந்துபோச்சு, மாற்றுங்கள் என்று ஃபோர்மேனிடம் இரண்டு முறை சொன்னவனும் இவன்தான். வாயால் சொன்னதோடு சரி. எழுத்து அவனுக்கு வராது. அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

முனுசாமி வீட்டுக்கு நஷ்டஈட்டு ஃபாரம் போயிற்று. தேவாவுக்கு ஒரு ஃபாரமும் இல்லை. உடம்பில் கீறல்கூட இல்லையே.

ஜூன் 5, புதன்
அனல் காற்று. மீன் வாங்கவில்லை.

சாயங்காலம் தேவா ஒரு கவரோடு வந்தான். கம்பெனி பர்சனல் ஆபீஸ் நோட்டீஸ். ஏன் வேலையைச் செய்ய மறுக்கிறாய், மூன்று நாளில் எழுத்து மூலம் பதில் சொல். திருவொற்றியூரில் மனு எழுத என்னை விட்டால் யார்? எட்டாவதுதான் படிப்பு. ஆனால் நான் எழுதிய மனுவைப் பார்த்து கலெக்டரே, இதை எழுதியது எந்த வக்கீல் என்று கேட்டிருக்கிறார்.

இன்னாடா எழுதணும் என்று கேட்டேன்.

"பயமா கீது மாமா. அதையே எழுது."

திட்டினேன். ஆம்பிளை பயம் என்று கையெழுத்துப் போடுவானா? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி கேஸ் என்று முத்திரை குத்திவிடுவார்கள். நாளைக்கு அவன் பெண்ணை யார் கட்டுவான்? (பெண்ணுக்கு மூன்று வயது.) கௌரவமாக ஒரு வார்த்தை தேடிப் போட்டேன்:

‘அடியேன் சிறு வயது முதலே நரம்புத் தளர்ச்சியால் அவதியுற்று வருகிறேன். ஆதலால் கருணை கூர்ந்து தரையில் ஒரு வேலை தந்து காக்க வேண்டுகிறேன்.’

‘சிறு வயது முதலே’ என் சொந்தச் சரக்கு. அது இல்லாமல் வாக்கியம் மொட்டையாக நின்றது. படிக்கிறவன் கல்லாக இருந்தாலும் கரைய வேண்டாமா?

தேவா எழுத்துக் கூட்டிப் படித்தான். "சின்ன வயசுல நான் தண்ணி டேங்க் மேல ஏறுனவன் மாமா."

எழுத்து என்றால் அலங்காரம் வேண்டும், போடு கையெழுத்தை என்றேன். போட்டான்.

ஜூன் 7, வெள்ளி
நானே நேரில் கொடுத்தேன். மேனேஜர் எழுந்து நின்று வாங்கினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். திங்களுக்குள் ஆர்டர் வரும். கோமளாவிடம் சொல்லியாயிற்று. அவள் அழுதுகொண்டே கேசரி கிளறினாள்.

ஜூன் 11, செவ்வாய்
ஆர்டர் வரவில்லை. லெட்டர் விஷயம் கம்பெனி முழுக்க வந்துவிட்டது. யார் கசிய விட்டானோ.

பஸ் ஸ்டாப் சுவரில் லாட்ஜ் டாக்டர் போஸ்டர். இந்தத் தேதியில் இந்த ரூமில் வைத்தியர் தங்குகிறார், ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி. தினமும் பார்க்கிற போஸ்டர். எழுதும்போது ஞாபகம் வந்து தொலையவில்லை. கேன்டீனில் எவனோ அதைக் கிழித்து வந்து தேவா தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். "மாமு, வைத்தியரு வியாழக்கெழம வராராம். துணைக்கு வரட்டா?"

தேவா சாப்பிடாமல் எழுந்து போனான். அவன் பெண்டாட்டி சாந்தி தண்ணிக் குழாயில் நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். கோமளா சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூன் 14, வெள்ளி
வந்தது ஆர்டர் இல்லை. குற்றச்சாட்டு மெமோ. சிறு வயது முதலே உள்ள நோயை மறைத்து வேலையில் சேர்ந்தது. கம்பெனியை ஏமாற்றியது. என்கொயரி 24ஆம் தேதி.

என் மூன்று வார்த்தையையும் அப்படியே டைப் அடித்து, அடியில் கோடும் போட்டிருக்கிறார்கள்.

சங்கிலி பற்றி ஒரு வரி இல்லை.

ஜூன் 18, செவ்வாய்
லீவ். பாரிமுனை. வக்கீலம்மா ஒருவர், மாடியில் சின்ன ரூம். ஃபேன் இருக்கிறது, காற்று இல்லை. யூனியனுக்குப் போகலாம் என்றால் அது எலெக்‌ஷன் சண்டையில் இரண்டாகக் கிடக்கிறது.

எனக்குச் சட்டம் தெரியும் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தேவாவை மட்டும் பேசச் சொன்னார். அவன் சொன்னான்: கண்ணை மூடினால் சங்கிலிச் சத்தம், குக்கர் விசில் அடித்தாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது, பிள்ளையைத் தூக்கவே பயம். இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஏணி மட்டும்தான்.

வக்கீலம்மா சொன்னது: "வேலையால வந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பு. கை போனாத்தான் காயமா, மனசு உடைஞ்சாலும் காயம்தான்னு வாதாடலாம். சட்டத்துல மனசுன்னு எழுதலை. ஆனா கூடாதுன்னும் எழுதலை. கஷ்டம், ஆனா வழி இருந்தது. இப்ப, வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்த நோய்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அரசுக் கம்பெனியாக இருந்தால் இப்படி ஆனவனை நீக்க முடியாதாம். வேறு வேலை, அதே சம்பளம் தர வேண்டுமாம். எங்கள் காம்பவுண்டுக்கு அடுத்தது அரசுக் கம்பெனிதான். நடுவில் ஒரே சுவர். அதன் மேல் காக்கா உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டார். மேலே ஏற முடியாத யாருக்காவது உங்கள் கம்பெனி இதற்கு முன் கீழே வேலை கொடுத்திருக்கிறதா? அப்படி ஒரு ஆள் கிடைத்தால் பெரிய உதவி.

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

ஜூன் 19, புதன். மதியம், ஸ்டோர்.
போல்ட் 3 பெட்டி வந்தது. கையுறை வரவில்லை.

7ஆம் தேதி எழுதியது சரியில்லை. மேனேஜர் எழுந்து நிற்கவில்லை. அவர் பியூன்தான் வாங்கினான்.

நேற்று வக்கீலம்மாவிடம் சொன்னதும் சரியில்லை. அந்த ஆள் நான். கல்யாணத்துக்கு முன்னால் இதே கிரேனில் எனக்கு டிரெயினிங். மூன்று நாள். யாரும் சாகவில்லை, எதுவும் விழவில்லை. உயரம்தான். மூன்றாம் நாள் ஏணி நடுவில் பேண்ட் நனைந்துவிட்டது. அப்போதிருந்த ஃபோர்மேன் தாமாகவே ஏறி வந்து, பின்னால் ஒரு கையை வைத்துப் படி படியாக இறக்கினார். மறுநாள் ஸ்டோரில் உட்கார வைத்தார். மனு இல்லை, மெமோ இல்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து இந்த ஸ்டூலில் இருக்கிறேன்.

ஊருக்குச் சொன்ன கதை வேறு. புயல் நாளில் ராத்திரி முழுக்க கிரேன் மேல் தனியாக நின்று சரக்கு இறக்கினேன் என்பது. தேவா அதைக் கேட்டுத்தான் கிரேன் வேலை கேட்டு வாங்கினான்.

ஜூன் 24, திங்கள்
என்கொயரி. ஏ.சி. ரூம். கூட வேலை செய்கிறவன் ஒருவன் துணைக்கு வரலாம் என்பதால் நான்.

சொன்னேன். அந்த மூன்று வார்த்தையும் என் கற்பனை, பையனுக்கு வியாதியே கிடையாது, சங்கிலி அறுந்த நாளில் வந்தது இது என்றேன். பிறகு என் மூன்று நாள் கதையையும் சொன்னேன், பேண்ட் உட்பட.

என்கொயரி ஆபீசர் பேனாவை மூடிவிட்டுக் கபாலியைக் கூப்பிட்டார். இருபது வருஷமாக எனக்கு எதிர் மேஜை. இவர் சொல்வது உண்மையா என்று கேட்டார்.

"சார், இவுரு பேரே பீலா எத்திராஜ் சார். புயல்ல ராப்பூரா கிரேன் மேல நின்னேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப மூணே நாள்ல எறங்கிட்டேன்றாரு. எதை சார் நம்புறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கபாலி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

என் பழைய சர்வீஸ் கார்டை எடுங்கள், அதில் இருக்கும் என்றேன். கம்ப்யூட்டர் வந்தபோது பழைய கார்டெல்லாம் கழிவுக் காகிதத்தில் போய்விட்டதாம். போனது எனக்குத் தெரியும். அந்த மூட்டைகளை எடை போட்டு லாரியில் ஏற்றியவன் நான். அன்றைக்குச் சந்தோஷமாக ஏற்றினேன்.

பஸ்ஸில் தேவா ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நீ எறங்குனது நெஜமா?"

நெஜம்டா என்றேன்.

தேரடியில் இறங்கும்போது சொன்னான். "மொதல்லயே சொல்லியிருந்தா, பயந்தவன் நான் ஒருத்தன் மட்டும்தான்னு நெனச்சிருக்க மாட்டேன் இல்ல."

ஜூன் 28, வெள்ளி
மழை வருவது போல் கருத்து, வராமல் போயிற்று. நோட்டீஸ் போர்டில் ஆர்டர். தேவா பணி நீக்கம். கிரேனில் புதுச் சங்கிலி, நேற்றே மாட்டிவிட்டார்கள். பில் என் வழியாகத்தான் வந்தது.

கபாலி டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

ஜூலை 1, திங்கள்
பாரிமுனை. லேபர் கோர்ட்டுக்குப் போகலாம், நாள் ஆகும் என்றார் வக்கீலம்மா. வருஷக் கணக்கா என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி வெள்ளைத் தாள் நான்கு கொடுத்தார். பழக்கத்தில் கை நீட்டினேன்.

"நான் எழுதுறேன் மாமா. நீ பேனாவ மட்டும் குடு."

மாடிப்படிப் பக்கம் பெஞ்ச். தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதினான். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. முதல் வரி: ‘எனக்கு பயமா இருக்கு. முனுசாமி செத்த அன்னிலேந்து.’ நடுவில் ஒரு ‘ப்’ வேண்டும். அவன் போடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரைப் பக்கம் போனதும் நிமிர்ந்தான்.

"சங்கிலிக்கு எந்த லி மாமா? சின்னதா, குண்டா?"

சின்ன லி என்றேன்.