புகையில்லாத குளிர்காலம்

20 செப்டம்பர் 2014

மகன் கிசோலுக்கு அம்மா எழுதுவது.

பேத்தி ஹேவொனுக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அறுவடைத் திருநாள் காலையில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. அப்பாவுக்குப் படையல் வைத்து ஒரு தடவை விழுந்து வணங்கி எழுந்தாய். இரண்டாவது தடவைக்கு முட்டி மடக்கும்போது மேகம் விலகியது. "இதோ வந்துடறேம்மா, வெயில் போயிடும்" என்று நம் வீட்டுக் கூரைமேல் நின்று, வெயிலைப் பார்த்துக் காற்றின் தூசியை அளக்கும் உன் கருவியின் கண்ணைத் துடைக்க ஓடினாய். அப்படியே நகரத்துக்குப் படகையும் பிடித்துவிட்டாய்.

உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், செத்தவர்களுக்கு இரண்டு. உன் அப்பாவைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். வந்து மிச்சத்தைச் செய்.

அம்மா ஓக்புன்

18 நவம்பர் 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹேவொன் நலம். ஒரு விஷயம். முந்தாநாளிலிருந்து காலையில் நம் தீவின் மேலே காற்று கெட்டிருப்பதாகக் கருவி இங்கே என் திரையில் காட்டுகிறது. பாலைவனத்து மஞ்சள் தூசி வசந்தத்தில்தானே வரும்? இது உங்கள் அடுப்புப் புகை.

வசந்தத்தில் எவ்வளவு தூசி, கோடையில் எவ்வளவு ஈரம் என்று ஒப்பிட, எனக்குக் குளிர்காலத்தின் சுத்தமான வானம் வேண்டும். அது பாழானால் வருடமே பாழ். வெயில் இருக்கும்வரை எரிக்காதீர்கள். இருட்டியபின் கருவிக்குக் கண் தெரியாது, எவ்வளவு வேண்டுமானாலும் எரியுங்கள். பிப்ரவரியில் நம் புத்தாண்டுக்கு வரப் பார்க்கிறேன்.

கிசோல்

9 டிசம்பர் 2014

கிசோலுக்கு,

அக்டோபரில் காய்ச்சலில் கிடந்து எழுதினேனே, அதற்குப் பதில் இல்லை. புகை மேலே போனதும் கடிதம் வருகிறது. ஈர விறகை வேண்டுமென்றேதான் வைத்தேன். நீ இந்தப் பக்கம் பார்க்கிறாயா என்று தெரிய வேண்டியிருந்தது. பார்க்கிறாய். வீட்டை அல்ல, அதன் மேலே.

இருட்டில் படி இறங்கி அடுப்புக்குப் போக முழங்கால் விடுவதில்லை என்று போன வருடமே சொன்னேன். தலையாட்டினாய். ஆகவே பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. அடுப்பு எரிந்து அதன் அனல் அடியில் ஓடினால்தான் வீட்டுத் தரை சுடும் என்பதும் உனக்கு மறந்திருக்கும்.

பக்கத்து வீட்டு சுன்சிம் உள்ளே கால் வைத்ததும் குதித்தாள்.

"ஏ கிழவி, தரை ஐஸாக் கெடக்கு. சாகவா பாக்குற?"

"என் மவன் வானத்தை அளக்குறான்டி. புகை ஆகாதாம்."

"அவன் அளக்கட்டும், நீ வெறச்சுப் போ."

அவளும் நேற்றுப் படகேறி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இனி வசந்தத்தில்தான் வருவாள். எனக்கு இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. சுன்சிம் வைத்துவிட்டுப் போன ஆறிய கஞ்சிதான் சாப்பாடு. நீ வந்து அந்த இரண்டாவது வணக்கத்தைச் செய்கிற அன்றைக்கு அடுப்பு எரியும். அதுவரை உன் வானம் சுத்தமாக இருக்கட்டும்.

அம்மா

2 பிப்ரவரி 2015

அன்புள்ள அம்மாவுக்கு,

போனை எடுப்பதில்லை, பதிலும் இல்லை. கோபம் என்று புரிகிறது. பழைய கோபங்களைப் பார்த்தவன்தானே நான். இருட்டியதும் அடுப்பை மூட்டி, சுடச்சுடத் தரையில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டுவீர்கள் என்றும் தெரியும். நீங்கள் யார் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள்?

ஆனால் பகலில் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஜனவரியைப் போல ஒரு வானத்தை நான் பார்த்ததேயில்லை. ஈரம் மிகக் குறைவு, தூசி இல்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒரு இழை புகைகூட இல்லை. இங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன், "எங்கம்மா செஞ்சது" என்று. நன்றி அம்மா.

புத்தாண்டுக்கு நிச்சயம் வருகிறேன், ஹேவொனையும் அழைத்துக்கொண்டு. அப்பாவுக்குப் பாக்கியுள்ள வணக்கத்தையும் சேர்த்துச் செய்துவிடுகிறேன். உங்களுக்கு, எப்போதும்போல, ஒன்று.

உங்கள் மகன்
கிசோல்