தேதியை முன்னால் போடு

பசுவந்தனை
3.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பிரேமா எழுதிக்கொண்டது. நானும் இந்துஜாவும் இருக்கிறோம். ஆடுகளும் இருக்கின்றன. மூன்று பஸ் மாறிப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு வந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடம் கத்திவிட்டு வருவதற்குப் பதில் எழுதுவதே மேல் என்று தோன்றியது. நீங்கள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

கடைக்குப் போட்ட சீல் அப்படியே இருக்கிறது. கடைக் கணினியைப் போலீஸ் எடுத்துப் போனார்கள். ஆனால் இந்துஜா படிக்கட்டும் என்று ஏப்ரலில் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அந்தப் பழைய கணினியை யாரும் கேட்கவில்லை. அதை முன் அறையில் வைத்து டைப்பிங், பிரிண்ட் செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவளைக் காலேஜுக்கு அனுப்ப முடியாது. எனக்கோ மௌஸ் பிடிக்கவே வரவில்லை. இந்துஜா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். "எம்மா, நீ அம்மிக் குழவியப் பிடிக்க மாதிரி பிடிக்க" என்று எழுந்து போய்விட்டாள். நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தவசி செத்ததும் அவர் தம்பி ஜெயபாண்டி வாரிசுச் சான்றிதழில் அண்ணி பார்வதியம்மாள் பெயரையும் மகள் பெயரையும் எடுத்துவிட்டுத் தன் பெயரை ஏற்றி நிலத்தைச் சோலார் கம்பெனிக்கு விற்றான். அந்தத் திருத்தம் நம் கடையில் நடந்தது. இவ்வளவையும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கோடை உழவு போட்ட அந்தப் புஞ்சைக் காட்டுக்குள் சோலார்க்காரர்கள் மிஷினை இறக்கிய அன்று அந்த அம்மாள் பருத்திக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள். திருத்தியது நீங்களா, சுந்தரேஸ்வரியா என்பதில்தான் ஊர் இரண்டாக நிற்கிறது.

நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். சுந்தரேஸ்வரி ஐந்து வருஷம் நம் கடையில் டைப் செய்தவள். மார்ச்சில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நீங்கள்தானே அவளைத் துணைக்கு அனுப்பினீர்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தாள். ஆபரேஷன் அன்று உங்களால்கூடக் கடையை விட்டு வர முடியவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளா இப்படி என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறாள். எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

உங்கள்
பிரேமா


பாளையங்கோட்டை
12.8.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் ஆபீசில் படித்துப் பார்க்கிறார்கள். அதனால் வழக்கைப் பற்றி எழுதாதே. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் அதைச் செய்யவில்லை, இந்துஜா மேல் சத்தியம். கணினியைப் பற்றி எழுதினால் படிக்கிற சாருக்கும் உபயோகமாக இருக்கும்.

முதல் பாடம், மௌஸை அழுத்திப் பிடிக்காதே, அது ஓடிவிடாது. நம் கரிசல் தூசிதான் கணினிக்கு முதல் எதிரி. காற்றுக் காலத்தில் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடு. ஓடும்போது மட்டும் மூடாதே, சூடாகிவிடும். கரண்ட் போய்ப் போய் வரும், ஆகையால் இரண்டு வரி அடித்ததும் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்துத் தட்டு. அடித்தது பத்திரமாகிவிடும். தப்பாக ஏதாவது செய்துவிட்டால் பதறாமல் கன்ட்ரோலும் இசட்டும் தட்டு, பழையபடி வந்துவிடும். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மௌஸின் சக்கரத்தை உருட்டு, பெரிதாகும். கண்ணாடிக் கடைக்குப் போகிற செலவு மிச்சம்.

அசையாமல் நின்றுவிட்டால் தலையில் தட்டாதே. அணைத்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, மறுபடி போடு. பாதி வியாதி அதிலேயே தீரும்.

உன்
நந்தகோபால்


பசுவந்தனை
1.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். நேற்று ஒரு மனுவில் முக்கால் பக்கம் காணாமல் போனது. கன்ட்ரோல் இசட் தட்டியதும் அப்படியே வந்து நின்றது. அழுதுவிட்டேன். மனு எழுத வந்த மணிராஜ் அண்ணாச்சி, "பேப்பருக்கா இந்த அழுகை அழுதீய" என்று கேட்டார். அதற்கு மட்டும் அழவில்லை என்று அவருக்கும் தெரியும்.

வாரத்தில் பத்துப் பேர் வருகிறார்கள். பழைய வேலையை மறுபடி எடுக்கத்தான் தெரியவில்லை. மனு ஒன்று, மனு இரண்டு, மனு புதியது என்று வைத்திருக்கிறேன். போன வாரம் கொடுத்ததற்கு இன்னொரு பிரிண்ட் கேட்டால் அரை நாள் தேடுகிறேன். இருபது வருஷம் அந்தக் கடையிலேயே கிடந்தீர்களே, ஒரு நாளாவது கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தீர்களா?

சுந்தரேஸ்வரிக்குப் பேசி முடித்திருந்த விளாத்திகுளத்து மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கேட்டபோது, வேண்டும் அவளுக்கு என்று தோன்றியது. அப்புறம் சோறு இறங்கவில்லை.

உங்கள்
பிரேமா


பாளையங்கோட்டை
14.9.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன்னைக் கடைக்குக் கூப்பிடாதது என் தப்புத்தான். இப்போது தபாலில் கூப்பிடுகிறேன்.

பெயர் வைக்கும்போது தேதியை முன்னால் போடு. வருஷம், மாதம், நாள், அப்புறம் ஆளின் பெயர். 2025-09-14 மணிராஜ் என்று வை. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தானாகவே வரிசையில் நிற்கும். பெயரில் தேதி போடாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பட்டியலின் மேலே, கடைசியாக மாற்றிய நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தட்டினால் எதை, என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொட்டோம் என்று வரிசையாகக் காட்டிவிடும். மனுஷன் மறந்தாலும் அது மறக்காது.

முக்கியமானதை ஒரே இடத்தில் வைக்காதே. கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. எதையும் திறந்து பார்க்காமல் அழிக்காதே. அழித்துவிட்டு என்னிடம் அழுதால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்.

சுந்தரேஸ்வரி பேச்சை விடு. செய்தவர்கள் அனுபவிக்கிறார்கள்.

உன்
நந்தகோபால்


பசுவந்தனை
5.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

தேதி வைத்தியம் பலித்துவிட்டது. இப்போது யார் எதைக் கேட்டாலும் நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கிறேன். கணினி மட்டும் நடக்கமாட்டாத கிழ மாடாக இழுக்கிறது. ஏதாவது வழி உண்டா?

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வெள்ளிக்கிழமை செல்வலட்சுமி வந்தாள், பார்வதியம்மாளின் மகள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "வேற எங்கன போவேன். நீங்கதான் இருக்கீய. அடிச்சுக் குடுங்க" என்றாள். கலெக்டருக்கு மனு. தன் தாயாருக்கு நடந்ததை அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பார்வதியம்மாள் என்ற பெயரை ஏழு இடத்தில் அடித்தேன் அத்தான். உங்கள் பெயர் வந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். சொல்லு என்றேன். அதையும் அடித்தேன்.

போகும்போது, "யார் செஞ்சாவன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். நீங்கள் செய்யவில்லை என்று தெரிந்தால் எனக்கும் வரும். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிய வேண்டும்.

உங்கள்
பிரேமா


பாளையங்கோட்டை
13.10.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

செல்வலட்சுமிக்கு இனிமேல் டைப் செய்து கொடுக்காதே. வக்கீலுக்குத் தெரிந்தால் கோபப்படுவார். அடுத்த மாதம் ஜாமீன் மனு வருகிறது.

கணினி இழுப்பதற்குக் காரணம் இடம் இல்லாததுதான். டி என்ற பகுதிக்குள் "பழைய ஸ்கேன்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கடையில் இருந்த காலத்துக் குப்பை. அதை ஒரு தரம் தட்டி, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு டெலிட் தட்டு. அப்படிச் செய்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே ஒழிந்துவிடும். உள்ளே திறந்து பார்க்காதே, வைரஸ் இருக்கிறது, திறந்தால் எல்லாவற்றிலும் பரவும். இந்துஜாவைத் தொடவிடாதே. நீயே செய். முடிந்ததும் ஒரு கார்டு போடு.

உன்
நந்தகோபால்


பாளையங்கோட்டை
27.10.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

தீபாவளியும் போய்விட்டது, உன் கடிதத்தைக் காணோம். அங்கே மழை பெய்கிறதாமே. ஆடுகளுக்குக் கொட்டகை ஒழுகாமல் இருக்கிறதா? இந்துஜா புதுத்துணி எடுத்தாளா?

அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டாயா? தெரியவில்லையென்றால் விடு. கோவில்பட்டியில் கணினி ரிப்பேர் பார்க்கிற சாமித்துரையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவார். எல்லாவற்றையும் துடைத்து ஃபார்மட் போட்டுத் தருவார், புதிது மாதிரி ஓடும். உன் வேலைகளையும் சேர்த்து அழிப்பாரே என்று பார்க்காதே, மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

நான் வெளியே வந்தால்தான் நம் குடும்பம் நிமிரும். கணினியை வேகமாக ஓட வைக்கத்தானே சொல்கிறேன். நான் சொல்கிறதைக் கேள் பிரேமா. கேட்காமல் இருந்ததில்லையே நீ.

உன்
நந்தகோபால்


பசுவந்தனை
9.11.2025

அத்தானுக்கு,

நீங்கள் சொன்ன அன்றே அழிக்கத்தான் உட்கார்ந்தேன். ஷிப்ட்டில் விரலும் வைத்துவிட்டேன். எதையும் திறந்து பார்க்காமல் அழிக்காதே என்று சுவரில் உங்கள் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது. இந்துஜாவின் படிப்புக் குறிப்பு ஏதாவது உள்ளே இருந்துவிட்டால் என்று நினைத்துத்தான் திறந்தேன். வேறு சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

உள்ளே முந்நூறு ஸ்கேன் இருந்தது. கடைசியாக மாற்றிய நாள் என்பதைத் தட்டினேன். தவசி வீட்டுச் சான்றிதழ் நாலு தரம் இருந்தது. முதலில் இருந்தது ஒழுங்கானது. இரண்டாவதைச் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்வதியம்மாள் என்பதில் பாதி அழிந்து, "யம்மாள்" மட்டும் நின்றது. மூன்றாவதில் அதுவும் இல்லை. நாலாவதில் ஜெயபாண்டி இருந்தான். நாலுக்கும் ஒரே தேதி. 2025 மார்ச் 12, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை.

பீரோவிலிருந்து என் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். மார்ச் 12, காலை பதினோரு மணி, ஆபரேஷன். துணைக்கு இருந்தவர் பெயர் சுந்தரேஸ்வரி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கடையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். கூட்டம் அதிகம், வர முடியவில்லை என்றீர்கள்.

இரண்டு வாரம் எப்போதும்போல வேலைக்கு வந்தவர்களுக்கு வேலை செய்து கொடுத்தேன், ஆட்டைப் பத்தினேன், இந்துஜாவுக்குச் சோறு போட்டேன். உங்கள் அடுத்த கடிதம் வந்தது. மழையையும் ஆட்டையும் கேட்டுவிட்டு அப்புறம் ஃபோல்டரைக் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் எழுந்து சுந்தரேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் உள்ளே விடவில்லை. நான் வாசலில் நின்றே அந்தத் தேதியைச் சொன்னேன். சுந்தரேஸ்வரி வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்த நாளுன்னு யாருக்குமே தெரியலயேக்கா. தெரிஞ்சாத்தானே நான் அங்கன இல்லன்னு சொல்ல முடியும்" என்றாள். உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எதற்காகச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த ஒவ்வொன்றும் என் வயிற்றுப்பாட்டுக்காக என்று நினைத்திருந்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். கடைசியில் வந்த ஒன்று அப்படி இல்லை. அந்தச் சாவை என் விரலாலேயே துடைக்கப் பார்த்தீர்கள்.

வியாழக்கிழமை நானும் சுந்தரேஸ்வரியும் கணினியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும் உங்கள் கடைசி இரண்டு கடிதங்களும் அதோடு போயின. செல்வலட்சுமிக்கும் சொல்லிவிட்டேன். சாமித்துரை மறுநாள் வந்தார். வெறும் மேஜையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இந்துஜாவிடம் எல்லாம் சொன்னேன். யார் தலைமேல் சத்தியம் செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜெயிலுக்கு உங்களைப் பார்க்க இனி வரமாட்டேன். எழுதவும் வேண்டாம். மணிராஜ் அண்ணாச்சி தன் மகனுடைய கணினியை வேலைக்குக் கொடுத்திருக்கிறார். அதில்தான் இதை அடித்தேன். 2025-11-09 நந்தகோபால் என்று தேதியை முன்னால் போட்டு, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.

பிரேமா