எல்லாம் சரி

ஜூன் 3
நான் ஆபீஸ் போனபின் அப்பா வீட்டில் தனி. அதற்கு ஒரு வழி செய்துவிட்டேன். அடுப்பு, குளியலறைக் குழாய், வாசல் கதவு, மூன்றிலும் தலா ஒரு சென்சார். கம்ப்யூட்டரில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் மணிக்கு ஒருமுறை வரிசையாகப் போய் ஒவ்வொன்றையும் விசாரிக்கும். ஏதாவது திறந்து கிடந்தால் என் போன் அலறும். இல்லையென்றால் எனக்கும் வெளியூர் அக்காவுக்கும் ஒரு மெசேஜ்: 'எல்லாம் சரி.'

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காலமெல்லாம் மின்கம்பம் ஏறிய லைன்மேன். "என்னடா, வீட்டுக்குள்ளயே வேவு பார்க்கிறியா?" காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், கிண்டலை மறப்பதில்லை.

ஜூன் 9
அக்கா சொன்னாள்: "அந்த மெசேஜ் வந்தாதான்டா எனக்குச் சோறே இறங்குது." பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 17
மதியம் பேய்மழை. சாயங்காலம் வந்தால் வாசல் ஆவென்று திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம். தெருமுனை டெய்லர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அப்பா மழையில் மின்கம்பத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருக்கிறார். கூப்பிட்டால், "லைன் போச்சு, ஜனங்க இருட்டுல தவிக்குது, விடுப்பா" என்றாராம். உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது.

என் போனில் மதியம் முழுக்க 'எல்லாம் சரி', 'எல்லாம் சரி'. எப்படி?

ஜூன் 18
கண்டுபிடித்தேன். குளியலறை சென்சாரில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பதில் வராவிட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்ல 'கண்டினியூ' எழுதவேண்டும். நான் எழுதியது 'பிரேக்'. அது சுற்றையே முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குழாயோடு நின்றுவிட்டது. கதவை யாரும் கேட்கவேயில்லை. குற்றம் எதுவும் கண்ணில் படாததால் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டது.

பிழைப்பே இதுதான் எனக்கு. எவன் எவன் கோடிலோ பிழை பிடிக்கிறேனே, சொந்த வீட்டில் கண் அவிந்தா போயிருந்தது?

'பிரேக்'கை எடுத்துவிட்டு 'கண்டினியூ' போட்டுவிட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறுகிறது.

ஜூன் 20
ஆஸ்பத்திரி. நெஞ்சு முழுக்கச் சளி. அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ எழுதினதை நம்பித்தானே நான் நிம்மதியா இருந்தேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 23
அப்பா கண் திறந்து, "கரண்ட் வந்துடுச்சாடா?" என்றார்.
"வந்துடுச்சுப்பா."
"அப்ப சரி."

ஜூன் 24
விடிகாலையில் அப்பா போய்விட்டார்.

ஜூன் 26
எல்லாம் முடிந்தது. அக்கா வந்தாள், அழுதாள், எல்லோரிடமும் பேசினாள். என்னிடம் மட்டும் இல்லை. ஊருக்குப் போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 11
அப்பா இல்லாத வீட்டிலிருந்து இன்னும் மெசேஜ் வந்துகொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல் மூன்று சென்சாரையும் கழற்றிப் பேட்டரியை உருவிப் போட்டேன்.

மணி அடித்ததும் போன் முனகியது. 'எல்லாம் சரி.'

ஓ, வரும்தான். நான் திருத்தியபடியே நடக்கிறது. அடுப்பு பதில் சொல்லவில்லை, தாண்டு. குழாய் சொல்லவில்லை, தாண்டு. கதவும் சொல்லவில்லை, தாண்டு. கடைசியில் வந்து எல்லாம் சரி என்கிறது. உட்கார்ந்து அழுதேன்.

ஸ்கிரிப்டை நிறுத்தப் போகையில் அக்காவின் போன். போனை வைத்துவிட்ட அன்றைக்குப் பிறகு முதல் தடவை.

"இன்னும் வருதுடா அது."
"தெரியும்க்கா. இதோ நிறுத்திடறேன்."
மூக்கை உறிஞ்சினாள். "வேணாம்டா. வந்துட்டுப் போகட்டும்."

நிறுத்தவில்லை. இதை எழுதும்போது இன்னொன்று வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.