முப்பத்திரண்டு மூச்சு

மகளே,

உன் அம்மை இன்று காலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தானே கஞ்சி குடித்தாள். ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாம். மற்றதைச் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மஸ்கட்டிலிருந்து நீ கூப்பிட்டபோது, அவள் உன்னையே யாரென்று கேட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். நீ போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். ஏழு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிறாய். குரலில் கோபமே இல்லை.

"அப்பா, அம்மைக்க நெஞ்சப் பாத்து, ஒரு நிமிஷம் மூச்ச எண்ணுங்க."

முப்பத்திரண்டு வந்தது. இருபதுக்குள் இருக்க வேண்டும், இது நிமோனியாவாக இருக்கலாம் என்றாய்.

"காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்லியே மக்ளே" என்றேன்.

"வயசானவங்களுக்கு நிமோனியா அப்படியும் வரும்ப்பா. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெளுத்திருந்தது. உடனே ஆக்சிஜன் வைத்து, ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தெளிந்தாள்.

நீ நர்சிங் படிக்கப் போன அன்று அந்த வேலையைப் பழித்து நான் சொன்னதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. கடல் கடந்து இருந்துகொண்டு, குரலை வைத்தே நோயைப் பிடித்தாயே! அதை நினைத்து நினைத்து மலைத்துப்போகிறேன்.

நேற்று டாக்டர் கேட்டார்: "சரியான சமயத்துல கொண்டு வந்தீங்க. மூச்ச எண்ணணும்னு ஆரு சொன்னது?"

"என் மகளாக்கும் சார். அவ நர்ஸு" என்றேன்.

அடுத்த கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவரிடமும் இன்னொரு தடவை சொன்னேன்.

உன் அப்பா