தொட்டிக்குள் இறங்கியவன்

நேற்று மாலை என் மூத்த மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பயோடேட்டாவைச் சத்தமாகப் படித்தாள். கம்பெனியில் மேலாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். தரக் கண்காணிப்பாளராகப் பதினோரு வருடம் ஓட்டிவிட்டதால் என்னையும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஊறல் தொட்டியில் இறங்கி அரிசி நாற்றத்துக்குக் காரணம் கண்டுபிடித்தவர். இதையே முதல் வரியா வச்சுக்கலாமாப்பா? நல்லா இருக்கு" என்றாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த வரிக்குச் சொந்தக்காரன் நீ. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

நன்னிலம் பக்கத்து மில்லில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அந்தக் குறுவை அறுவடைக் காலம் உனக்கு நினைவிருக்கும். புழுங்கல் அரிசி மூட்டையைப் பிரித்தாலே ஒரு புளித்த வாடை. வியாபாரிகள் லோடு லோடாகத் திருப்பி அனுப்பினார்கள். மழையில் நனைந்த நெல், அதுதான் காரணம் என்று முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை எல்லோரும் சொன்னோம். நானும்தான். நீ மட்டும் கேட்கவில்லை. "சும்மா நெல்லு மேலயே பழியப் போடாதீங்கடா" என்று சொல்லிவிட்டு, நெல் ஊறவைக்கும் தொட்டியை வடித்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாய். நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், மூக்கையும் பிடித்துக்கொண்டேன். அடிச் சல்லடைக்குக் கீழே எத்தனையோ நாளாகச் சிக்கியிருந்த நெல் கறுத்துப்போய்க் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு மேலே வந்த உன் மேல் ஒரு வாரம் வாடை போகவில்லை. அதன் பிறகு வாராவாரம் சல்லடையைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தோம். ஒரு லோடும் திரும்பி வரவில்லை.

அப்படியும் மில் நிலைக்கவில்லை. பங்காளிச் சண்டையில் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தஞ்சாவூரில் இந்தக் கம்பெனிக்கு இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். இருந்தது ஒரே ஒரு காலியிடம், ஒரே நாள் நேர்காணல், ஒரே பஸ்ஸில் பயணம். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். உன் வீட்டிலும் நிலைமை ஒன்றும் சரியில்லை. ஆனாலும் பஸ்ஸில் நீ உன்னைப் பற்றி யோசிக்காமல் எனக்கு ஒத்திகை நடத்தினாய்.

"இதுவரைக்கும் என்ன சாதிச்சீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க சார், ஏதோ நம்மால முடிஞ்சதுன்னு சொல்லுவேன்."

தலையில் அடித்துக்கொண்டாய். "நீ என்ன பொண்ணு பாக்கவா போறே, அடக்கமா ஒக்காந்திருக்க? என்ன பிரச்சினை இருந்துச்சு, நீ என்ன பண்ணினே, அப்புறம் என்ன மாறுச்சு. மூணையும் நேராச் சொல்லு. கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத."

பாடம் நன்றாகத்தான் ஏறியது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர், "நீங்க தீர்த்துவச்ச ஒரு பிரச்சினையைச் சொல்லுங்க" என்றார். எனக்கென்று சின்னச் சின்னதாகச் சில இருந்தன. ஈரப்பதக் கணக்கை ஒழுங்காக எழுதவைத்தது, சாக்கு மாற்றச் சொன்னது. அவை தொண்டைவரை வந்து நின்றுவிட்டன. வெளியே வந்தது உன் தொட்டி. பிரச்சினை, செய்தது, மாறியது, மூன்றையும் நேராகச் சொன்னேன். இறங்கியவன் மட்டும் நானாகிவிட்டேன். பெரியவர் குறித்துக்கொண்டார்.

அடுத்து உன்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே, "என்னடா சொன்னே?" என்றாய். "ஏதோ சொன்னேன்" என்றேன். இருபது நிமிடம் கழித்து வந்த நீ என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நல்லாவே சொல்லியிருக்கடா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. நீ ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் கடை வைத்தாய்.

போன வருடம் அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றார். விருந்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்ககூட வந்தவர்கிட்டயும் தொட்டி விஷயத்தைக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே மில்லாச்சே, நெசமான்னு பாக்கணும்ல. 'அவன்தான் சார் எறங்கினான், நான் மேல நின்னு கயிறு புடிச்சேன்'னாரு. அடுத்தவனை விட்டுக்குடுக்காத மனுஷர்."

மறுநாளே உன்னைத் தேடி வந்தேன். நீ கட்டிலில் இருந்தாய், பாதி ஆளாகியிருந்தாய். ஆற்றில் தண்ணீர் விட்டது, உன் பையன் மார்க், என் முழங்கால் வலி, எல்லாம் பேசினோம். "வேலை எப்படிடா போவுது?" என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? "போவுது" என்றேன். நீ அசதியில் கண்ணை மூடிக்கொண்டாய். நான் கடைசி பஸ்ஸைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மகளிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "எடுத்துட்டா வேற என்னப்பா இருக்கு?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஈரப்பதக் கணக்கு, சாக்கு, இங்கே வந்தபின் செய்த நாலைந்து காரியங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் அரைப் பக்கம் வந்தது. நேர்காணலில் தொட்டியைப் பற்றிக் கேட்டால் உன் பெயரைச் சொல்லப்போகிறேன். பதவி வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

ஆனால் ஒன்றை அங்கேயும் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ உள்ளே இருந்த அந்த இருபது நிமிடமும் நான் வராந்தாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு அந்த வேலை கிடைத்துவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.