முழங்கால் தண்ணீர்

நண்பா,

நேற்று உன் வீட்டம்மா வந்து ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். "எங்க வீட்ல யாருக்கும் அடிக்கத் தெரியாதுங்க. நீங்களே வச்சிக்குங்க" என்றார். உள்ளே உன் தம்புரு, சுற்றிலும் தகடு கோத்த அந்த வட்ட மேளம். உன் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த இடம் அப்படியே இருக்கிறது. வெளியே எடுத்ததும் தகடுகள் சல்லென்றன.

நம் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டும் வேத வாசிப்பும் முடிந்தால் கர்த்தர் தனக்குச் செய்ததை ஆளுக்கொரு சாட்சியாகச் சொல்ல வேண்டும். தறிக்காரர்கள், டீச்சரம்மா எல்லோரும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் எழுந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனால் என் சாட்சியைக் கேட்டுத் தெள்ளாரில் ஒரு காலேஜ் புரொபசரே தேம்பி அழுதார். தேசூர்க்காரர்கள் வேன் அனுப்பிக் கூப்பிட்டார்கள். சரி, வேன் இல்லை, ஷேர் ஆட்டோ. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அந்தச் சாட்சி உனக்கு மனப்பாடம். கமண்டல நாக நதியில் வெள்ளம், கழுத்தளவு தண்ணீர். நான் அடித்துக்கொண்டு போகிறேன். "கர்த்தாவே" என்று ஒரே ஒரு கூப்பாடு. வெள்ளை உடுப்பில் ஒருவர் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு மறைந்துபோனார். அந்த வெள்ளை உடுப்பு வரும் இடத்தில் நீ தம்புருவை ஒரு குலுக்குக் குலுக்குவாய். கூட்டமே "ஸ்தோத்திரம்" என்னும். பதினைந்து வருஷம் அந்தக் குலுக்கலை நீ ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

நடந்தது என்ன என்பதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில். குடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தேன். எருமை ஓட்டிக்கொண்டு வந்த கிழவர் ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கினார். அவர் கட்டியிருந்தது அழுக்கு வேட்டி. அன்றோடு குடியை விட்டேன், அது மட்டும் அச்சு அசல் உண்மை. நீ டீயை ஆற்றிக்கொண்டே, "உட்றா மாமே, உனக்கும் எனக்கும் கர்த்தருக்கும் தெரிஞ்சா போதும்" என்றாய். அப்புறம் நீயும் உன்னைப் பற்றி ஒன்று சொன்னாய். சொல்லும்போது டீ உன் வேட்டியில் சிந்தியது.

டீக்கடையில் பேசி மூன்றே வாரம். கூட்டம் என் வீட்டில். புதிதாகக் கல்யாணமான என் மகளும் மருமகனும் வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றே அன்று கழுத்தளவுத் தண்ணீரை மூக்குவரை ஏற்றிச் சொன்னேன். நீ குலுக்கவில்லை. ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து கண்ணை மூடினாய்.

"ஆண்டவரே, எங்க பிரதர் முழங்கால் தண்ணிய வெள்ளம்னு சொல்லிகினு இருக்காரு. எரும ஓட்டிகினு வந்தவர தேவதூதன்னு சொல்லிகினு இருக்காரு. இந்தப் பலவீனத்துலேந்து அவர விடுதலையாக்கும்."

நேருக்கு நேர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். ஜெபத்தை யார் குறுக்கே மறிப்பது? கண் மூடியிருக்கிறது, வாய் ஆமென் சொல்லக் காத்திருக்கிறது. நீ முடித்ததும், பழக்க தோஷம், எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.

கண்ணைத் திறந்தால் மருமகன் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வாசலில் உன்னை மறித்தேன். "உன் நல்லதுக்குதான் மாமே. பொய்ச் சாட்சி பாவம்" என்றாய். பாவம் என்று தெரிந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? சபை முழுக்கக் கேட்கவா கர்த்தரிடம் சொல்ல வேண்டும்? அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

அதன்பிறகு நான் சாட்சிக்கு எழுந்தாலே டீச்சரம்மா, "அண்ணே, இன்னிக்கு முழங்காலா, கழுத்தா?" என்பார். உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை. நீ எதிரே சைக்கிளில் வந்தால் அரிசி மில் சந்துக்குள் திரும்பிவிடுவேன். நீயும் பெல் அடித்துக் கூப்பிட்டதில்லை.

போன மாதம் நீ போய்விட்டாய். நினைவுக் கூட்டத்தில் போதகர் என்னைப் பேசச் சொன்னார். எழுந்தேன். உன் வீட்டம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். டீக்கடையில் நீ என்னிடம் சொன்னது அவருக்கும் தெரியும்போல. அது என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு ஜெபமாகவே சொல்லியிருக்கலாம். சபை முழுக்க ஆமென் சொல்லியிருக்கும்.

நீ தம்புரு குலுக்கினால் தேசூர் வரைக்கும் கேட்கும் என்று சொன்னேன். அந்தச் சத்தத்துக்கு ஆற்று வெள்ளமே ஒதுங்கி நிற்கும் என்றேன். டீச்சரம்மாகூடக் குறுக்கே பேசவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். போதகர் சொல்லிப் பார்த்தார், மனசு வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நீ சொன்னதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் காகிதத்திலும் எழுதப்போவதில்லை. எதைக் கேட்டாலும் நாலு மடங்காக்கிச் சொல்கிறவன் நான். அதை மட்டும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நீ கொடுத்தபடியே வைத்திருக்கிறேன்.

தம்புருவைக் கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து அது தானாகவே சலசலக்கிறது. எழுந்துபோய்த் தகடுகளை விரலால் அமுக்குகிறேன்.

"சும்மா இருடா மாமே. நான் யார்கிட்டயும் சொல்லல."