வெட்ட நினைக்காத மரங்களுக்கு ஒரு கையெழுத்து

சௌல்தாரி,
தெற்கு அந்தமான்.

அன்பு மகன் சந்திரமோகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் வசந்தகுமாரியும் பேத்தி சங்கவியும் சுகந்தானே? அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும், அதனால் கேட்டாயிற்று. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்கு ஒரு குறையும் இல்லை, கோபம் ஒன்றைத் தவிர. சங்கவி கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய போட்டோவை பஸ் கண்டக்டர் வரைக்கும் காட்டிவிட்டேன், அவன் பெங்காலி, அவனுக்கு ஒரு எழுத்து புரியாது, ஆனாலும் பஹுத் அச்சா என்றான்.

போனில் சொல்ல வந்தால் மீட்டிங் அம்மா, அப்புறம் அம்மா என்று வைத்துவிடுகிறாய், நெட்வொர்க்கும் பாதியில் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் கம்பெனி ஆள் ஹரிஹரன் போன வாரம் போர்ட்பிளேரிலிருந்து வந்து, நம் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கிற மரத்துக்கெல்லாம் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்து நம்பர் போட்டான். நல்ல பையன்தான், இரண்டு வேளை சாப்பிட்டான். கடைசியில் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துப் போடுங்க ஆன்ட்டி என்றான். என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். ஐந்து வருஷத்துக்குள் இந்தச் சரிவு முழுக்க வெட்டிப் பாக்கு வைக்க இருந்தேன், உங்கள் கம்பெனி பணம் தருவதால் வெட்டாமல் விடுகிறேன் என்று நான் சொல்வதாக எழுதியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சரிவுக்குக் கீழே ஊறுகிற தண்ணீரைத்தானே ஏப்ரலில் நாம் குடிக்கிறோம், அதை எவள் வெட்டுவாள் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, அரே ஆன்ட்டி, அதுதான் ப்ராப்ளம், வெட்டுற எண்ணம் இல்லாத மரத்தைக் காப்பாத்தினோம்னு எப்படிக் கணக்குக் காட்டுறது, சும்மா ஒரு வரிதானே என்கிறான். பக்கத்துத் தோட்டத்து முத்துராஜ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டுவிட்டு, யக்கா, நான் அவசரப்பட்டுப் போன வருசமே வெட்டிட்டேன், அரிவாளத் தூக்கிக் காட்டிட்டுச் சும்மா நின்னிருந்தா எனக்கு மாலை போட்டிருப்பானுவளே என்று நக்கல் செய்தான். அவன் சொன்னது நக்கல்தான், ஆனால் அதில் தப்பு எங்கே என்று நீ சொல்.

நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனாலும் நீ இரண்டு தடவை விளக்கியதை ஒழுங்காகத்தான் கேட்டேன். ஆலைக்கு ஆலை இவ்வளவு புகைதான் விடலாம் என்று சர்க்கார் அளவு வைக்கிறது, குறைத்து விட்டவன் மிச்சத்தை விற்கலாம், கூட விட்டவன் வாங்கிக்கொள்ளலாம். அது நம் ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி. கேஸ் அடுப்பு வைத்திருக்கிறவள் தன் பங்கை டீக்கடைக்குக் கொடுக்கிறாள், ரேஷன் கடைக்கு வந்த பீப்பாய் ஒன்றுதான், யார் அடுப்பில் எரிந்தாலும் மொத்தம் கூடாது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த மரப் பேப்பர் அப்படி இல்லையே. எங்கோ ஒரு ஆலை தன் அளவு தீர்ந்த பிறகும் புகை விடுகிறது, அதற்கு ஈடாகச் சௌல்தாரியில் ஒருத்தி மரத்தை வெட்டாமல் விட்டாள் என்று உன் கம்பெனியிடம் பேப்பர் வாங்கி வைத்துக்கொள்கிறது. நான் நிஜமாகவே வெட்ட இருந்து நிறுத்தியிருந்தால் சரி, அங்கே விட்ட புகைக்கு இங்கே ஒரு ஈடு இருக்கிறது. நான் வெட்டவே போவதில்லை என்றால்? மரம் நேற்றும் நின்றது, நாளைக்கும் நிற்கும், புகை மட்டும் கூடுதல். அப்படியென்றால் நான் விற்பது காலி டின். அதில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று என் பேரைப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறாய்.

உனக்கு இது தெரியாதா? எனக்குத் தெரிந்தது மெயின்லேண்டில் படித்த உனக்குத் தெரியாதா என்று நினைக்க நினைக்கத்தான் ஆத்திரமாக வருகிறது. முதல் நிலமாக அம்மா நிலத்தைக் காட்டினால் ஆபீசில் உன்னைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஹரிஹரன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதை நீ அல்லவா என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்? சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூடத் தூக்கம் கெட்டிருக்கும், ஆனால் ஒளித்தாய் என்ற வருத்தம் இருந்திருக்காது. போட்டுவிடு, பையன் வேலையல்லவா என்று அப்பா சொல்கிறார். நானும் பேனாவை எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மரத்தை வெட்ட இருந்தவள் என்று உன் வேலைக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்குச் சங்கவி அதைப் படித்து ஆச்சி நிஜமா என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று கை நின்றுவிட்டது.

அதனால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அதற்குக் கீழே, இந்த மரங்களை வெட்டும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை, இனிமேலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படியே எடுத்துக்கொள்வார்களா என்று உன் ஆபீசரிடம் கேள். மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முத்துராஜ் மாதிரி மொட்டையாக்கி வைத்திருக்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர், அவர்கள் சரிவில் புதிதாக மரம் வைத்து வளர்க்க உன் கம்பெனி பணம் கொடுக்கட்டும், குழி வெட்ட நானே போய் நிற்கிறேன். அதையும் அவரிடம் சொல்.

இதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்தால் அம்மாவைத் திட்டிக்கொள், ஒளிக்காதே. வெயிலில் அலையாதே, மருமகளிடம் இந்தக் கோபத்தைக் காட்டாதே. குலசாமி உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையில்லாமல் வைக்கட்டும், சங்கவிக்கு ஆயிரம் முத்தம். உன் ஐலேண்டர் கார்டு பீரோவில் என் சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, தீவுக்காரர் சலுகையில் கப்பல் டிக்கெட் போட வேண்டி வந்தால் அங்கே தேடிக்கொண்டிருக்காதே, ஒரு போன் செய்.

உன் அம்மா,
ஆ. பேச்சியம்மா